எட்டு ராக்கரும் ஒரு வால்வும்

இந்தப் பையைக் கொஞ்சம் உங்க மடியில வெச்சுக்கறீங்களா? மேல வெச்சா பஸ் குலுங்குற குலுங்கல்ல தட்டு சத்தம் போடும். ஆமாங்க, தாம்பூலத் தட்டுதான். வெத்தலை பாக்கு, பழம், பத்திரிகை. என் பொண்ணு தாரணிக்கு அடுத்த மாசம் கல்யாணம்.

யாருக்குப் பத்திரிகை வெக்கப் போறேன்னு நீங்க கேக்க மாட்டீங்க, மரியாதைக்காரரா இருக்கீங்க. நானே சொல்லிடறேன். என் சம்சாரத்தோட தம்பி நாச்சிமுத்துவுக்கு. பொண்ணுக்குத் தாய்மாமன். ஆறு வருசமா என்கூடப் பேசாத தாய்மாமன்.

கெணத்துக்கடவுல எறங்கோணும். உக்கடத்துல ரெண்டு பஸ்ஸை விட்டுட்டேனுங்க. பாலத்து மேலயே போயிருவானுங்க, ஊருக்குள்ள வர மாட்டானுங்க. கீழ போற பஸ்ஸா பாத்து, கண்டக்டர்கிட்ட ரெண்டு தடவை கேட்டு ஏறுனேன். பாத்துக்கங்க, அவ்வளவு அக்கறையா அவனைத் தேடிப் போறவன் நான். ஆனா கெட்ட பேரு யாருக்கு? எனக்குத்தான்.

பத்திரிகை வெக்கப் போனா புருசன் பொண்டாட்டி சேந்துதானே போகோணும்? வசந்தமணி வர மாட்டேன்னுட்டா. சொந்தத் தம்பி ஊட்டுக்கு வர மாட்டேங்கறா. "நீங்க தனியாத்தான் போகோணும். போயி அவன் கேட்டதைச் சொல்லிட்டு, அப்பறம் தட்டை நீட்டுங்க"ங்கறா. அவன் வந்து நிக்கலீன்னா இவ மேடை ஏற மாட்டாளாம். "நீங்களும் உங்க இஞ்சினும் போய் நின்னு பொண்ணைத் தாரை வாத்துக் குடுத்துக்கங்க." இப்படிச் சொல்றா, இருபத்தெட்டு வருசம் என்கூடக் குடும்பம் நடத்துனவ.

அவன் கேட்டது என்னன்னா, ஒரு வார்த்தைங்க. துணிமணி வேண்டாம், தட்டு வேண்டாம், மன்னிப்புக்கூட வேண்டாம்னு சொல்லியிருக்கான். "மாமா என் மூஞ்சியைப் பாத்து, 'நான் மை வெச்சுப் பாக்கலீடா'ன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும்க்கா. சீர்த் தட்டோட மொத ஆளா வந்து நிக்கறேன்." அக்காகிட்ட போன்ல இதைத்தான் சொன்னானாம்.

நான் பாத்தேனுங்க! மை வெச்சுப் பாத்தேன். பாத்தவன் எப்படிங்க பாக்கலீன்னு சொல்றது? பொய் சொல்லியா பொண்ணுக்குக் கல்யாணம் பண்ணோணும்?

என்ன மைன்னு உங்களுக்குப் புரியாது. சொல்றேன். டிக்கெட் எடுத்துட்டீங்களா? பொள்ளாச்சியா? அப்ப நேரம் இருக்குது.

என் பேரு சென்னியப்பன். ரத்தினபுரியில ஒர்க்ஷாப். ஆயில் மாத்தி பஞ்சர் ஒட்டுற கடைன்னு நெனச்சுக்காதீங்க. நான் ரேஸ் வண்டிக்கு இஞ்சின் கட்டுறவன். செட்டிபாளையம் டிராக்குல போய் சென்னியப்பன் இஞ்சின்னு சொல்லிப் பாருங்க. இப்ப சொல்லாதீங்க. ஆறு வருசத்துக்கு முன்னாடி சொல்லியிருக்கோணும்.

நாச்சிமுத்து பகல்ல ஃபவுண்டரியில வார்ப்பு வேலை பாப்பான். சாயங்காலம் என் ஒர்க்ஷாப்பு. ஞாயித்துக்கிழமை ரேஸு. நான் கட்டுவேன், அவன் ஓட்டுவான். பழைய வண்டிகளுக்குன்னு தனியா ஒரு ரேஸ் வெப்பாங்க. எங்களுது அம்பது வருசத்துப் பழைய ஃபியட். நல்லா ஓட்டுவானுங்க, இல்லைங்கல. மெதுவா கை வெப்பான். கியர் போட்டா சத்தமே வராது. ஆனா இதை அவன் முன்னாடி நான் சொன்னது கிடையாது. சொன்னா தலைக்கு ஏறிக்கும்.

அந்த வருசம் நாலு ரேஸ். மொத ரெண்டுலயும் ரெண்டாவது வந்தோம். மொதல்ல வந்தது பீளமேட்டு ஜெபராஜோட வண்டி. அவரும் என்னை மாதிரி இஞ்சின் கட்டுறவருதான். ரெண்டாவது ரேஸ் முடிஞ்சு டீ குடிச்சுக்கிட்டு இருந்தோம். ஜெபராஜ் வந்து எங்க வண்டியை எட்டிப் பாத்துட்டு, "ஏனுங்க சென்னியப்பன், இன்னும் பழைய ராக்கர்லயேவா ஓட்டறீங்க?"ன்னு கேட்டாரு. சிரிக்கக்கூட இல்லீங்க அந்தாளு. சிரிச்சிருந்தா விட்டிருப்பேன். சும்மா, பாவம்ங்கற மாதிரி கேட்டாரு.

பார்க்குல குழந்தைங்க உக்காந்து ஏறி எறங்குற பலகை இருக்குதில்லீங்க? அதுதான் ராக்கர். கீழ இருந்து ஒரு கம்பி, புஷ் ராடும்பாங்க, ஒரு முனையைத் தூக்கும். மறுமுனை போய் வால்வை அமுக்கும். வால்வு தெறந்தா காத்தும் பெட்ரோலும் உள்ள போகும். நாலு சிலிண்டருக்கு எட்டு வால்வு, எட்டு ராக்கர். பழைய ராக்கர் வெறும் இரும்பு, வால்வு நுனியில தேச்சுக்கிட்டே போகும். புது மாதிரியில நுனியில சின்னதா ஒரு உருளை இருக்கும். உருண்டுக்கிட்டுப் போகும். அதோட பலகையோட ஒரு பக்கத்தைக் கொஞ்சம் நீளமா வெச்சிருப்பாங்க. அதனால வால்வு இன்னும் கொஞ்சம் அதிகமாத் தெறக்கும். காத்து அதிகம், வேகம் அதிகம். அவ்வளவுதான் விசயம்.

நாச்சிமுத்து வேண்டாம்னான். "இருக்கறதே நல்லாத்தான இருக்குது மாமா. அரை செகண்டுதான் வித்தியாசம். நான் வளைவுல புடிச்சுக்கறேன்"ன்னான். பாருங்க பேச்சை. நான் கட்டுற இஞ்சின்ல குறை இருக்குதாம், இவரு வளைவுல சரி பண்ணுவாராம். அன்னைக்கே முடிவு பண்ணேன், மாத்தியே தீரோணும்னு.

ராக்கர் வந்து சேர்றதுக்கே ஆயுத பூஜைக்கு முந்தின நாள் ஆயிருச்சு. அந்த வருசம் பூஜை வெள்ளிக்கிழமை. சனிக்கிழமை டிராக்குல பிராக்டீஸ், ஞாயித்துக்கிழமை ரேஸ். புது ராக்கர் போட்டா புஷ் ராடும் வேற நீளத்துல போடறது நல்லது. கணபதியில நம்ம லேத்துக்காரருகிட்ட ஓடுனேன். மெசினெல்லாம் தொடச்சு, கடையைக் கழுவி விட்டு, மாவிலை கட்டிக்கிட்டு இருக்காரு. "இனி பூஜை கழிச்சுத்தானுங்க"ன்னுட்டாரு. நான் அவரைக் குத்தம் சொல்ல மாட்டேன். நம்ம ஒர்க்ஷாப்புலயும் அதே கதைதான்.

அதனால பழைய ராடையே வெச்சு மாட்டுனேன். ராக்கர்ல ஒரு திருகாணி இருக்கும், அதை ரெண்டு சுத்துத் திருப்புனா நீளக் குறையை ஈடு கட்டிரும். ஈடு கட்டும்னுதான் நெனச்சேன். எல்லாரும் அப்படித்தான் நெனப்பாங்க.

இப்ப மை. வால்வு பாக்கறதுக்குக் குடை மாதிரி இருக்கும், நீளமா ஒரு காம்பு, அடியில தட்டு. காம்பு நுனியில மார்க்கர்ல மை பூசோணும். ராக்கரை மாட்டி, இஞ்சினைக் கையாலயே ரெண்டு சுத்து சுத்தோணும். அப்பறம் கழட்டிப் பாத்தா, உருளை ஓடுன எடத்துல மை அழிஞ்சு ஒரு கோடு தெரியும். கோடு நட்ட நடுவுல, நூலாட்டம் வந்திருந்தா எல்லாம் சரி. ஓரமாப் போயிருந்தா ராடு நீளம் தப்பு. அப்படியே ஓட்டுனா உருளை வால்வை நேரா அமுக்காது, பக்கவாட்டுல தள்ளும். தள்ளத் தள்ள வால்வு எறுகும். எறுகி ஒரு நேரம் மேல வராம நின்னுக்கும். கீழ இருந்து பிஸ்டன் வந்து அடிக்கும். முடிஞ்சுது. இதை நான் எத்தனை பேருக்குச் சொல்லிக் குடுத்திருக்கேன் தெரியுமா? ஜெபராஜுக்கே தெரியாத காலத்துல இருந்து நான் மை வெச்சவன். நாச்சிமுத்துவுக்கும் நான் சொல்லித்தான் தெரியும்.

வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகு காலம். அதுக்குள்ள இஞ்சினை ஸ்டார்ட் பண்ணி, பூஜை போட்டாகோணும். வசந்தமணி ஆரத்தித் தட்டோட வந்து நின்னுட்டா. தாரணி பொரியும் கடலையும் கலந்துக்கிட்டு இருக்குது. டயருக்கடியில எலுமிச்சம்பழம் வெச்சாச்சு. ஸ்பேனரெல்லாம் கழுவி, சந்தனம் குங்குமம் வெச்சு சாமி முன்னாடி அடுக்கியாச்சு. என் கையில ஒரே ஒரு ஸ்பேனர்தான் பாக்கி. மணி பத்து இருபது. நாச்சிமுத்து பக்கத்துல குனிஞ்சு, "மாமா, மை வெச்சுப் பாத்தாச்சுங்களா?"ன்னான். "எல்லாம் பாத்தாச்சு"ன்னு சொல்லி ராக்கருக்கு மேல மூடியைப் போட்டு முடுக்கிட்டேன்.

ஸ்டார்ட் பண்ணுனா, என்னங்க சத்தம் அது! தெருவே திரும்பிப் பாத்துது. எல்லாரும் கை தட்டுனாங்க. வசந்தமணி கண்ணுல தண்ணி.

அன்னைக்குச் சாயங்காலம் அவன் மறுபடி வந்தான். "மாமா, மூடியைக் கழட்டி எட்டையும் ஒருக்கா பாத்துரலாமே." நான் கேட்டேன், "எதை வெச்சுடா கழட்டுவே? சாமி முன்னாடி வெச்ச ஸ்பேனரைத் தொடுவியா நீ?" மறுநாள் மறுபூஜை போட்டுத்தானுங்க எடுக்கோணும். அதுக்கு முன்னாடி தொட்டா அந்த வருசமே வெளங்காது. உங்க பக்கமும் அப்படித்தானே? பாத்தீங்களா. அவன் போயிட்டான்.

சனிக்கிழமை காலையில மறுபூஜை முடிஞ்ச கையோட வண்டியை ஏத்திக்கிட்டுப் போயிட்டோம். பிராக்டீஸ்ல நாங்கதான் மொதல்ல! அரை செகண்டு இல்லீங்க, ஒண்ணேகால் செகண்டு. ஜெபராஜ் வந்து கை குடுத்தாரு. அந்தக் கை இன்னும் என் கையில இருக்குது. அப்பத்தான் இவன் ஹெல்மெட்டைக் கழட்டிக்கிட்டே சொல்றான், "மாமா, மேல ஒரு சத்தம் வருது. டிக் டிக்னு. கழட்டிப் பாத்துரலாம்." ஜெபராஜ் நிக்கறாரு, அவரு ஆளுக நிக்கறாங்க. அவங்க முன்னாடி மூடியைக் கழட்டச் சொல்றான். "புது ராக்கர் அப்படித்தாண்டா பேசும்"னேன். எல்லாரும் சிரிச்சாங்க. அவன் மட்டும் சிரிக்கல.

ஞாயித்துக்கிழமை பத்து சுத்து. அஞ்சு சுத்து வரைக்கும் நாங்கதான் முன்னாடி. ஆறாவது சுத்துல, நேர் ரோடு முடிஞ்சு வளைவுக்கு முன்னாடி, டம்முன்னு ஒரு சத்தம். இஞ்சின் அப்படியே கட்டிக்கிச்சு. பின் சக்கரம் ரெண்டும் நின்னு, வண்டி சுத்தி, டயர் அடுக்கின செவுத்துல போய் மோதுச்சு.

நான்தான் மொதல்ல ஓடுனேன். அம்பது வயசுல எனக்கு அந்த ஓட்டம் எங்கிருந்து வந்துதுன்னு தெரியல. அவன் எடது பாதம் பெடலுக்கு நடுவுல மாட்டி நசுங்கிக் கெடக்குது. "மாமா, மாமா"ன்னு கத்தறான். நான் மீட்டரைப் பாத்தேன்.

ஏனுங்க அப்படிப் பாக்கறீங்க? இஞ்சின் கட்டுறவன் அதைத்தானுங்க பாப்பான். ரேஸ் வண்டி மீட்டர்ல ரெண்டாவதா ஒரு முள்ளு இருக்கும். இஞ்சின் எவ்வளவு வேகம் வரைக்கும் போச்சோ அங்கயே நின்னுக்கும். ஏழாயிரம் வரைக்கும் போலாம்னு நான் சொல்லியிருந்தேன். முள்ளு ஆறாயிரத்து எண்ணூறுல நின்னுது. மோதுன அதிர்ச்சியில கீழ எறங்கியிருக்கும். முள்ளுதானே, அதுக்கென்ன, மனுசனாட்டந்தான், சமயத்துல பொய் சொல்லும். அவன் கியரைத் தப்பாப் போட்டிருக்கான். நாலுல இருந்து மூணு போடறதுக்குப் பதிலா ஒண்ணைப் போட்டு, இஞ்சினைத் தாங்காத வேகத்துல சுத்த விட்டுக் கொன்னுட்டான். ஆஸ்பத்திரி வாசல்லயே வெச்சு எல்லார்கிட்டயும் சொன்னேன். ஜெபராஜ்கிட்டயும் சொன்னேன். என் இஞ்சின்ல ஒரு குத்தமும் இல்லைன்னு சொன்னேன்.

அவன் காதுக்கு அது கட்டில்லயே போய்ச் சேந்துது. அன்னையில இருந்து பேச்சு இல்ல.

ரெண்டு ஆபரேசன் பண்ணாங்க. பாதம் மடங்காது. ஃபவுண்டரியில நாள் முழுக்க நிக்கற வேலை, விட்டுட்டான். இப்ப கெணத்துக்கடவுல பம்ப் ரிப்பேர் கடை, உக்காந்த எடத்துல பாக்கற வேலை. நல்லாத்தான் இருக்கான்னு கேள்வி. நானும் அந்த ஃபியட்டைத் தொடல. ஒர்க்ஷாப்பு மூலையில தார்ப்பாய் போட்டு மூடி வெச்சிருக்கேன். வசந்தமணி அதுக்கப்பறம் ஒரு ஆயுத பூஜைக்கும் ஒர்க்ஷாப்புக்கு வரல. நானேதான் சந்தனம் குழைச்சு, நானேதான் பொட்டு வெக்கறேன்.

பைக்குள்ள கை விடுங்க. பழத்துக்கு அடியில, துணி சுத்தி ஒண்ணு இருக்கும். எடுங்க. அதுதான் அந்த வால்வு. மூணாவது சிலிண்டர். காம்பு எப்படி வளைஞ்சிருக்குது பாத்தீங்களா? பிஸ்டன் அடிச்ச அடி. வேகம் தாண்டுனாத்தான் இப்படி வளையும். இதை இன்னைக்கு அவன் முன்னாடி வெக்கப் போறேன். "இந்தா, பாத்துக்க. இதுக்குப் பதில் சொல்லிட்டுச் சீர் கொண்டுட்டு வா"ன்னு கேக்கப் போறேன்.

இல்ல, இல்ல, அந்தப் பக்கம் எதுக்குப் பாக்கறீங்க? வளைஞ்ச எடத்தைப் பாருங்க. அது ஒண்ணும் இல்ல, நுனியில சும்மா ஒரு கோடு. ஓடுனாத் தேயத்தானே செய்யும்.

ஓரமாத்தான் இருக்குது. தெரியுதுங்க. எனக்கும் கண்ணு இருக்குது.

நீங்களும் அவனை மாதிரியே கேக்கறீங்க. மை வெச்சுப் பாத்தேன்னு சொன்னேனில்ல? பாத்தேன். எட்டுக்கும் நேரம் இல்ல, ஒண்ணுக்குத்தான் வெச்சேன். இதே வால்வுக்குத்தான். பத்து மணிக்கு வெச்சேன், கையால ரெண்டு சுத்து சுத்துனேன், கழட்டிப் பாத்தேன். கோடு ஓரமா வந்துது. இப்ப இருக்குது பாருங்க, இதே எடத்துல. வசந்தமணி தட்டோட நிக்கறா, கற்பூரம் வெச்சாச்சு, இருபது நிமிசத்துல ராகு காலம். வேற ராடு இல்ல, லேத்துக்காரன் கடை இல்ல. பூஜை அன்னைக்கு இஞ்சின் ஸ்டார்ட் ஆகாம நின்னா நாலு பேரு என்ன சொல்லுவாங்க? பனியன் துணியில அந்த மையைத் தொடச்சேன். தொடச்சுட்டு மூடுனேன். பூஜை முடிஞ்சதும் பாத்துக்கலாம்னு நெனச்சேன். அப்பறம்தான் ஸ்பேனரைச் சாமிகிட்ட வெச்சுட்டோமே.

அதனாலதானுங்க சொல்றேன். மை வெச்சுப் பாக்கலீன்னு என்னைச் சொல்லச் சொல்றான் அவன். பாக்காம விட்டிருந்தா எப்பவோ சொல்லியிருப்பேன். அவசரத்துல விட்டுப்போச்சுடா மாப்ளன்னு சொல்லிட்டு, ஆஸ்பத்திரியிலயே அவன் காலைப் புடிச்சு அழுதிருப்பேன். அவன் கேக்கறது சின்னதா இருக்குதுங்க. என்கிட்ட இருக்கறது அது இல்ல.

கெணத்துக்கடவு வந்துருச்சா? அதுக்குள்ளயா?

அய்யோ. அங்க பாருங்க. ஸ்டாப்புல டீக்கடைக்கு முன்னாடி, நீலச் சட்டை. ஊணுகட்டை வெச்சுக்கிட்டு நிக்கறான் பாருங்க. அவன்தான். அக்காக்காரி போன் பண்ணியிருப்பா. பஸ் ஸ்டாப்புக்கே வந்து நிக்கறான், இந்த வெயில்ல, அந்தக் காலை வெச்சுக்கிட்டு. யாரு வரச் சொன்னாங்க இவனை? ஒவ்வொரு ஜன்னலாப் பாத்துக்கிட்டு வர்றான்.

கொஞ்சம் முன்னால சாஞ்சு உக்காருங்க. இன்னும் கொஞ்சம். என் மூஞ்சி தெரியாம மறைச்சுக்கங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். பேசாதீங்க. கண்டக்டர் பாக்கறாரு, நீங்க திரும்பாதீங்க.

எறங்கலீங்க கண்டக்டர். பொள்ளாச்சி. பொள்ளாச்சிக்கு ஒரு டிக்கெட் குடுங்க. போலாம், விசில் அடிங்க.

போயிட்டானா? இன்னும் நிக்கறானா? அடுத்த பஸ்ஸுக்கு நிப்பான். பொறுமைசாலி. வண்டியும் அப்படித்தான் ஓட்டுவான்.

போன் அடிக்குதா? அடிக்கட்டும். வசந்தமணிதான்.

அந்த வால்வைக் குடுங்க இப்படி. நகத்தை வெச்சுச் சொரண்டாதீங்க, அந்தக் கோடு போகாது. ஆறு வருசமா நானும் சொரண்டிப் பாத்துட்டேன்.